பெரியம்மாவின் பல் செட்

"கடிங்கம்மா" என்றேன். கடித்தாள். தப்பாகக் கடித்தாள்.

வாயில் மெழுகை வைத்தால் எல்லோரும் செய்கிற தப்புதான் அது. பல் இல்லாத ஈறின்மேல், பல் வரிசை வரவேண்டிய இடத்தில் மெழுகால் மேடு கட்டி, மேலே ஒன்று கீழே ஒன்று வைத்துக் கடிக்கச் சொல்வோம். இரண்டும் எங்கே சந்திக்கிறதோ அதுதான் கடி. அந்தக் கடியை வைத்துத்தான் பல் செட் கட்டுவது. ஆனால் ஒருத்தன் நம் வாயை அளக்கிறான் என்று தெரிந்த உடனே மனுஷனுக்குக் கீழ்த்தாடை முன்னால் வந்துவிடும். அதை நம்பிக் கட்டினால் கண்ணாடிமுன் பொருந்தும், சாப்பாட்டுமுன் ஆடும். எல்லோரும் கொஞ்சம் தள்ளுவார்கள். இவள் தள்ளியது கொஞ்சம் இல்லை. இழுத்து மாட்டிக்கொண்ட மேஜை டிராயர் மாதிரி வெளியே வந்து நின்றது. நாடு முழுக்கச் சுவரில் ஒட்டியிருக்கும் அந்தத் தாடையைப் பிறவித் தாடை என்றுதான் நானும் நினைத்திருந்தேன். பிறவி இல்லை. பழக்கம்.

பெரியம்மா யார் என்று எங்கள் ஆட்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். தலைவருடைய அக்கா. தலைவர் கையெழுத்துப் போடுவார். எதில் போடுவது, எதில் போடாமல் விடுவது என்பதை அவள் சொல்வாள். மந்திரிகள் தலைவர் அறைக்கு நடந்து போவார்கள், இவள் அறைக்குத் தவழ்ந்து போவார்கள் என்று பேசிக்கொள்வார்கள். நான் பார்த்ததில்லை, பார்க்காததை நான் நம்புவதும் இல்லை. நான் பார்த்தது, உயரமான நாற்காலியில் கழுத்துக்குக் கீழே வெள்ளைத் துண்டைக் கட்டிக்கொண்டு, கன்னம் உள்ளே விழுந்து உட்கார்ந்திருந்த ஒரு கிழவியை. 'அவர்' என்றுதான் எழுத வேண்டும். ஒரு ஆளின் வெறும் ஈறைப் பார்த்த பிறகு எனக்கு அப்படி எழுத வரவில்லை.

பழைய செட் கீழே விழுந்து உடைந்துவிட்டது. அதைக் கட்டிக்கொடுத்த அந்த வீட்டுப் பல் டாக்டர் எங்கே என்று நான் கேட்கவில்லை, அவர்களும் சொல்லவில்லை. புதிதாக வந்த டாக்டர் கெட்டிக்காரர், அவருக்குப் பல் செட் கட்டிக் கொடுப்பவன் நான். மாவு வைத்து அச்சு எடுத்தது அவர்தான், நன்றாகவே எடுத்திருந்தார். ஆனால் கடி எடுப்பதற்கு ஆளோடு பேச வேண்டும், விளையாட வேண்டும். அவருக்குப் பிள்ளை குட்டி இருந்தது. "நீங்க போங்க பெரியவரே, உங்களுக்கு வயசாயிடுச்சு" என்றார். அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

நான் போக ஒத்துக்கொண்டது டாக்டருக்காக இல்லை. என் மாப்பிள்ளை பஸ் கண்டக்டர். போன மழைக்காலத்துக்கு முந்தி, வேலை முடிந்து டெப்போவில் சட்டை மாற்றிக்கொண்டிருந்தவனைக் கூட்டிக்கொண்டு போனார்கள். வண்டியில் பயணி ஒருத்தன் ஏதோ சொல்லிச் சிரித்தானாம், கண்டக்டரும் சிரித்தானாம். யார் யார் சிரித்தது என்று கேட்க வேண்டுமாம். அன்றைக்குப் போனவன்தான். என் மகள் ஏறாத வாசல் இல்லை. எல்லா வாசலிலும் அவளுக்கு நாற்காலி கொடுத்தார்கள், பதில் கொடுக்கவில்லை. கட்டிலில் படுப்பதை விட்டுவிட்டாள். கதவுக்குப் பக்கத்தில் பாயைப் போட்டுப் படுக்கிறாள்.

அந்த மாளிகைக்குக் கிளம்பிய காலையில் என் பையை எடுத்துக் கொடுத்துவிட்டு, "ஒரு வார்த்தை கேளுப்பா" என்றாள்.

"வாயை மூடிக்கிட்டு இருந்தாத்தான் நானாவது திரும்பி வருவேன்."

"அடுத்தவங்க வாய்க்குள்ள கையை விட்டே பொழைச்சே. உன் வாயைத் திறக்க மாட்டியா?"

 பையை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

பையை மூன்று இடத்தில் கொட்டிப் பார்த்தார்கள். மெழுகை ஒருத்தன் முகர்ந்து பார்த்தான், ஒருத்தன் நகத்தால் கீறிப் பார்த்தான். ஸ்பிரிட் விளக்கை வாங்கி வைத்துக்கொண்டு, அவர்களுடைய விளக்கு ஒன்றைக் கொடுத்தார்கள். பிறகு நீளமான நடை. தரை முழுக்கக் கம்பளம், என் செருப்புச் சத்தம் எனக்கே கேட்கவில்லை. இரண்டு பக்கமும் கதவுகள், எல்லாக் கதவும் சாத்தியிருந்தது. ஒரு பெரிய குடும்பம் இருக்கிற வீடு என்றுதான் பேர். பேச்சுச் சத்தம் இல்லை, பாத்திரச் சத்தம் இல்லை, ஒரு இருமல்கூட இல்லை. ஒரு அறை மட்டும் திறந்திருந்தது. இருபது முப்பது பேர் உட்காரும் சாப்பாட்டு மேஜை. நாற்காலியெல்லாம் உறை போட்டு மூடி, கோடியில் ஒரே ஒரு நாற்காலி மட்டும் உறை இல்லாமல். அதற்கு முன்னால் ஒரு கிண்ணம், ஒரு கரண்டி.

அவள் அறை வாசலில் கோட்டுப் போட்ட ஒருத்தன் இருந்தான். நான் என்ன செய்கிறேன் என்று பார்க்கக் கூடவே உள்ளே வந்தான். அவள் வாயில் கைக்குட்டையை வைத்துக்கொண்டு ஒரு விரலைக் கதவுப் பக்கம் காட்டினாள். போய்விட்டான். தன்னை வெறும் வாயோடு அவன் பார்க்கக் கூடாது. நான் பார்க்கலாம். நாயின் முன்னால் யாரும் வெட்கப்படுவதில்லை, அந்த மாதிரி.

"எத்தனை நாள் ஆகும்?" என்றாள். காற்றுத்தான் நிறைய வந்தது.

"கடி சரியா வந்தா சீக்கிரம் ஆயிடும்மா."

"தலைவருக்கு உடம்பு சரியில்ல. மேடையில நான் பேசணும். பல்லு இல்லாமப் பேசினா மூணாவது வரியில கிழவி ஆயிடுவேன். பக்கத்துலயே ஒருத்தன் நிப்பான், மைக்கைப் பிடிக்க." யார் என்று சொல்லவில்லை. தலைவருடைய மகன்தான் என்று எல்லோருக்கும் தெரியும். "புரியுதா உனக்கு?"

'உனக்கு.' என்னைவிட நாலைந்து வயது சின்னவளாக இருப்பாள். "புரியுதும்மா" என்றேன்.

கடிக்கச் சொன்னேன், தப்பாகக் கடித்தாள். எச்சிலை விழுங்கிவிட்டுக் கடிக்கச் சொன்னேன், அதே தப்பு. நாக்கு நுனியை மேலண்ணத்தில் வைக்கச் சொன்னேன், வைத்துக்கொண்டே தாடையைத் தள்ளினாள். மெழுகு ஆறிக்கொண்டே போனது. திரும்பத் திரும்ப விளக்கில் காட்டி இளக்கி வைத்தேன்.

"சரியா?" என்பாள் ஒவ்வொரு தடவையும்.

"இல்லம்மா."

அந்த வீட்டில் அந்த வார்த்தையைக் கேட்டு எத்தனை வருஷம் ஆகியிருக்கும் என்று தெரியவில்லை. மூன்றாவது தடவை சொன்னபோது என்னைத் திரும்பிப் பார்த்தாள். கோபமாக இல்லை. பழைய தெருவில் யாரையோ பார்த்துவிட்ட மாதிரி.

இந்த மாதிரி ஆட்களுக்கு என்னிடம் ஒரு வழக்கம் உண்டு. வாயில் மெழுகை வைத்துவிட்டு, வீட்டாட்கள் பேரைச் சொல்லச் சொல்வேன். ஊரில் எவ்வளவு பெரிய வம்புக்காரனாக இருந்தாலும் சொந்த வீட்டாட்கள் பேரைச் சொல்லும்போது தன் வாயைக் கவனிக்க மாட்டான். அம்மா, அப்பா, கூடப் பிறந்தது, பெற்றது என்று சொல்லிக்கொண்டே போகும்போது, ஏதோ ஒரு பேரில் தாடை தானாகத் தளர்ந்து பின்னால் போய் அதன் இடத்தில் உட்காரும். எந்தப் பேர் என்பது ஆளுக்கு ஆள் மாறும். பெண்டாட்டி பேர் வரைக்கும் இறுகியே இருந்து, செத்துப்போன எருமை பேரில் தளர்ந்த ஆளையும் பார்த்திருக்கிறேன். அந்தப் பேரைப் பிடித்துக்கொண்டால் கடி கிடைத்துவிடும்.

இவளிடம் அதைச் சொல்லலாமா என்று யோசித்தேன். யோசித்தது சரிதான். அந்தக் குடும்பத்தில் சொல்லக் கூடாத பேர் ஒன்று உண்டு.

முன்பெல்லாம் சுவரொட்டியில் மூன்று முகம் இருக்கும். அக்கா, தலைவர், கடைசித் தம்பி. ஒரு நாள் காலையில் எழுந்து பார்த்தால் இரண்டு முகம். அவ்வளவுதான். யாரும் யாரையும் கேட்கவில்லை. அந்தப் பேர் வைத்த தெருவுக்கு வேறு பேர் வந்தது. எங்கள் பக்கத்து வீட்டுப் பையனுக்கும் அதே பேர்தான், பள்ளிக்கூடத்தில் கூப்பிட்டு மாற்றிவிட்டார்கள். அவன் அம்மா கூப்பிடும்போது பழைய பேர் பாதி வந்து, கையால் வாயைப் பொத்திக்கொண்டு புதுப் பேரைச் சொல்வாள். உத்தரவு போட்டது பெரியம்மாதான் என்று பேச்சு. அதை மட்டும் நான் நம்பினேன். அந்தப் பேரை நான் இங்கே எழுதப் போவதில்லை. எழுதினால் என்ன ஆகும் என்று கேட்கிறவர்கள் எங்கள் ஊரில் இருந்ததில்லை.

வேறு வழி இல்லை. "வீட்டாளுங்க பேரை ஒவ்வொண்ணாச் சொல்லுங்கம்மா" என்றேன்.

"எதுக்கு?"

"தாடை தளரணும்."

 அப்பா பேரைச் சொன்னாள். தாடை நகரவில்லை. அம்மா பேரைச் சொன்னாள். கொஞ்சம் அசைந்த மாதிரி இருந்தது, அவ்வளவுதான். தலைவரை வீட்டில் கூப்பிடும் பேரைச் சொன்னாள். நாய்க்குட்டிக்கு வைக்கிற மாதிரி ஒரு பேர். எனக்குச் சிரிப்பு வந்து தொண்டையிலேயே நின்றது. அந்தப் பேருக்கும் தாடை அசையவில்லை. வெளிநாட்டில் இருக்கும் பெண்கள் பேரைச் சொன்னாள், செத்துப்போன புருஷன் பேரைச் சொன்னாள், டிராயர் அப்படியேதான் நின்றது.

"முடிஞ்சுது" என்றாள்.

"இன்னும் வரலைம்மா."

"முடிஞ்சுதுன்னேன்ல?"

நான் மெழுகை வெளியே எடுத்து விளக்கில் காட்டினேன்.  அவள் துண்டை அவிழ்க்காமலே எழுந்து போய் வாய் கழுவும் தொட்டியின் குழாயைத் திறந்தாள். வாய் கழுவப் போகிறாள் என்று நினைத்தேன். கழுவவில்லை. தண்ணீரை அப்படியே ஓடவிட்டு, நாற்காலிக்குத் திரும்பி வந்து வாயைத் திறந்து காட்டினாள்.

 எங்கள் மாதிரி ஆட்கள் செய்கிற வேலை அது. சுவருக்குக் காது இருக்கும் என்று பயந்து, அடுப்படியில் குழாயைத் திறந்துவிட்டு என் மகளும் நானும் மாப்பிள்ளையைப் பற்றிப் பேசுவோம். சுவரில் காது வைத்தது யாராக இருந்தாலும், இவளும் குழாயைத் திறந்துவிட்டுத்தான் பேச வேண்டியிருக்கிறது.

மெழுகை வைத்தேன். தண்ணீர்ச் சத்தத்துக்குக் கீழே, கடைசித் தம்பி பேரைச் சொன்னாள்.

தாடை போய் உட்கார்ந்தது. தூக்கத்தில் குழந்தையின் கை திறந்துகொள்வதைப் பார்த்திருப்பீர்கள், அப்படி. முகமே வேறாகிவிட்டது. ஆனால் நான் பார்த்துக்கொண்டிருந்துவிட்டேன், மெழுகு அதற்குள் ஆறிவிட்டது. மேலும் கீழும் ஒட்டவில்லை. கடி கிடைக்கவில்லை.

வேறு ஆளாக இருந்தால், "இன்னொரு தடவை" என்று சொல்லிவிட்டு நான் பாட்டுக்கு வேலையைப் பார்ப்பேன். நாட்டில் அந்தப் பேரை ஒரு தடவை சொன்னதற்கே போனவர்கள் இருக்கிறார்கள். அந்தப் பேரே கூடாது என்று உத்தரவு போட்டவளிடமே நான் திரும்பச் சொல்லுங்கள் என்று கேட்க வேண்டும். மெழுகை இளக்கினேன். அவள் வாயில் வைத்தேன்.

"அந்தக் கடைசிப் பேரை... இன்னொரு தடவை சொல்லுங்கம்மா."

சொன்னாள்.

"இன்னொரு தடவை."

சொன்னாள். நான் கேட்பதை நிறுத்திய பிறகும் சொன்னாள். சத்தம் இல்லாமல் வாய் மட்டும் அசைந்தது. மெழுகு இரண்டும் ஒன்றாக ஒட்டிக்கொண்டன. கடி கிடைத்துவிட்டது. எடுத்துத் தண்ணீரில் போட்டேன்.

குழாய் ஓடிக்கொண்டே இருந்தது. அவள் கைக்குட்டையால் வாயை மூடிக்கொண்டு, "இப்ப நீ சொல்லு" என்றாள்.

"எதைம்மா?"

"உன் வீட்டாளுங்க பேரு."

பெண்டாட்டி பேரைச் சொன்னேன். "இப்ப இல்லம்மா" என்றேன். மகள் பேரைச் சொன்னேன். பிறகு மாப்பிள்ளை பேரைச் சொன்னேன். என் வாயில் மெழுகு இல்லை, ஆனாலும் தாடை என் பேச்சைக் கேட்கவில்லை.

"மாப்பிள்ளை என்ன பண்றான்?"

"பஸ் கண்டக்டரும்மா. டெப்போவுல வெச்சுக் கூட்டிட்டுப் போனாங்க. மழைக்கு முந்தி. எங்க இருக்கான்னு..."

எழுந்து போய்க் குழாயை மூடினாள். அறை பழையபடி அந்தக் கம்பள நடை மாதிரிச் சத்தமில்லாமல் ஆகிவிட்டது. "எப்ப கொண்டாருவே?" என்றாள், கோட்டுக்காரனுக்கும் கேட்கும்படி.

வீட்டில் மகள் கேட்டாள், "சொன்னியா?"

"பேரைச் சொன்னேன்."

"பேரை மட்டுமா?"

"குழாய் மூடிடுச்சு" என்றேன். அவளுக்குப் புரியவில்லை. நான் விளக்கிச் சொல்லவும் இல்லை.

செட்டைக் கட்டிக் கொண்டுபோய் மாட்டிய அன்றைக்கு அவள் கண்ணாடியைக் கேட்கவில்லை. மேஜைமேல் இருந்த ஆப்பிளை எடுத்தாள். ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டு கடித்தாள். அந்தச் சத்தம் அவ்வளவு பெரிய அறையில் கட்டை முறிகிற மாதிரிக் கேட்டது. தின்று முடிக்கும் வரை திரும்பவில்லை. முதுகைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். தோளில் எலும்பு துருத்திக்கொண்டிருந்தது. எத்தனை மாதமாகக் கிண்ணத்தில் எதையோ கரைத்துக் குடித்தாளோ. இன்னொரு பழத்தை எடுத்து என் பக்கம் நீட்டி, "சாப்பிடுறீங்களா?" என்றாள்.

'சாப்பிடுறீங்களா.'  "எனக்குப் பல்லு இல்லம்மா" என்றேன்.

"பல்லுக்காரருக்கே பல்லு இல்லையா?"

"கட்டி வெச்சிருக்கேன். போட்டுக்கறதில்ல. கட்டினது யாருன்னு தெரியும், அதான் நம்பிக்கை வரல."

சிரித்தாள். புதுப் பல்லில் வந்த முதல் சிரிப்பு, கொஞ்சம் காற்றுப் பிடித்தது. பிறகு அந்தச் சிரிப்பை எங்கே வைப்பது என்று தெரியாதவள் மாதிரிச் சுற்றிலும் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டாள். டிராயர் மெள்ள வெளியே வந்தது. செட் ஆட ஆரம்பித்தது. அதற்குத்தான் நான் பயந்திருந்தேன்.

கிட்டே போய், மெதுவாகச் சொன்னேன். "மேடையில நழுவற மாதிரி இருந்தா, சத்தம் இல்லாம அந்தப் பேரைச் சொல்லுங்க. உக்காந்துக்கும்."

 மாப்பிள்ளையைப் பற்றி அவள் ஒரு சொல்லும் சொல்லவில்லை. நான் வெளியே வந்ததும் கோட்டுக்காரன் அச்சையெல்லாம் கேட்டான். அவள் வாயின் மாவு அச்சு இரண்டும் பையில் இருந்தன. அவன் கண்முன்னாலேயே சுத்தியலால் உடைக்கச் சொன்னான், உடைத்தேன். தூளைக்கூட அள்ளிப் பொட்டலம் கட்டி வாங்கிக்கொண்டான்.

மேடைப் பேச்சை எல்லா டெலிவிஷனிலும் காட்டினார்கள். பார்க்காமல் இருக்க முடியாது, தெருவில் வந்து பார்க்கிறோமா என்று பார்ப்பார்கள். நன்றாகப் பேசினாள். ஒரு எழுத்துக்கூட நழுவவில்லை. தலைவருடைய மகன் பக்கத்தில் நின்றான், கடைசி வரை மைக் அவன் கைக்குப் போகவில்லை. ஒவ்வொரு தாளைப் புரட்டும்போதும் அவள் கொஞ்சம் நிறுத்தினாள், உதடு மட்டும் அசைந்தது. பக்கத்து வீட்டு அம்மா, "தம்பி உடம்பு சரியாகணும்னு வேண்டிக்கிறாங்க பாரு" என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கூட்டம் முழுக்க எழுந்து நின்று தலைவர் பேரைச் சொல்லிக் கத்தியது. நடுவில் அவள் தனியாக, தாளைப் புரட்டிக்கொண்டு, யாருக்கும் கேட்காமல் வேறு ஒரு பேரைச் சொல்லிக்கொண்டிருந்தாள். மகள் என்னைப் பார்த்தாள். நான் டெலிவிஷனையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அதற்கப்புறம் ஒரு மத்தியானம் தெருமுனையில் ஒரு வேன் நின்றுவிட்டுப் போனது. மாப்பிள்ளை வந்தான். அவள் சொல்லி விட்டார்களா, அவர்களாகவே விட்டார்களா, எனக்குத் தெரியாது. அவள் சொன்னாள் என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். வாயைக் கையால் பொத்திக்கொண்டே நடந்து வந்தான். அழுகிறான் என்றுதான் என் மகள் நினைத்தாள். ஓடிப்போய் அந்தக் கையை விலக்கினாள். பிறகு அவளே அந்தக் கையை எடுத்துத் திரும்ப அவன் வாய்மேல் வைத்தாள்.

ஒரு பல்கூட விட்டுவைக்கவில்லை. ஈறு நன்றாக ஆறி வழவழவென்று இருந்தது. அப்படியானால் போன புதிதிலேயே நடந்திருக்க வேண்டும். நான் அந்த உயரமான நாற்காலிக்குப் பக்கத்தில் நின்று அவன் பேரைச் சொன்னபோதே எல்லாம் முடிந்து, ஆறியும் போயிருந்திருக்கிறது.

அவனைச் சாப்பிட வைத்து, தூங்க வைத்து, ஒரு வாரம் போகவிட்டு என் பட்டறை நாற்காலியில் உட்கார வைத்தேன். அச்சு எடுத்தேன். மெழுகு கட்டினேன். மகள் டீ டம்ளரை வைத்துக்கொண்டு வாசற்படியில் நின்றாள். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"கடிங்க மாப்பிள்ளை" என்றேன். தாடை முன்னால் வந்தது. எல்லோரும் தள்ளுவதுதான். அந்த நாற்காலியில் ஆள் உட்கார்ந்தால் என் கைக்கும் வாய்க்கும் யோசனை தேவையில்லை, அதது தானாகச் செய்யும், சொல்லும்.

"வீட்டாளுங்க பேரைச் சொல்லுங்க."

சொல்லி முடிப்பதற்குள் எனக்கே தெரிந்துவிட்டது. ஆனால் வாயை விட்டுப் போய்விட்டது. அவன் கை இரண்டும் தானாகவே நாற்காலிக்குப் பின்னால் போய் ஒன்றாகச் சேர்ந்துகொண்டன. யாரும் கட்டவில்லை. கண் சுவரில் ஒரு இடத்தில் போய் நின்றது. ஈறு மெழுகுக்குள் இறங்கியது. உதட்டோரத்தில் மெழுகு பிதுங்கி வந்தது.

"எனக்கு யாரையும் தெரியாதுங்க" என்றான்.

"நான்தாங்க" என்றாள் மகள். "என் பேரைச் சொல்லுங்க. எங்க, என் பேரைச் சொல்லுங்க."

அவன் அவள் பக்கம் திரும்பவே இல்லை. "இவங்களையும் தெரியாதுங்க."

டம்ளர் சாய்ந்து டீ விரலில் வழிந்தது, அவள் துடைக்கவில்லை.  எழுந்து போய்த் தொட்டியின் குழாயைத் திறந்தேன். முழுக்கத் திறந்தேன். தண்ணீர் தகரத் தொட்டியில் விழும் சத்தம் அறையை நிறைத்தது. திரும்பி வந்து அவனுக்கு எதிரே முக்காலியில் உட்கார்ந்தேன். அவன் கண் சுவரை விட்டு இறங்கி, மெள்ள, விழுகிற தண்ணீரின் பக்கம் திரும்பியது. வாய் மூடித்தான் இருந்தது. மெழுகு உள்ளே ஆறிக்கொண்டிருந்தது.